ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே ஆளுக்குள் இருந்தால்: முதல் வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

மகனுக்குப் பேச்சு தாமதமாகிறது என்று ஒரு மையத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். பெற்றோர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாளைக் கையில் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வானா, ஒரே சாப்பாட்டையே கேட்பானா, உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டானா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவனுக்கு முன்னால் எனக்குத்தான் பதில் வந்தது. அங்கே தொடங்கி, எனக்கு ஆட்டிசம் (பழகுவதும் புலன்களால் உணர்வதும் பிறவியிலேயே வேறுமாதிரி இருப்பது), ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத, துறுதுறுவென்ற இயல்பு) இரண்டும் இருக்கிறது என்று எழுதிய அறிக்கை கைக்கு வர ஒன்றேகால் வருடம் ஆனது. அப்போது எனக்கு 34 வயது.

அந்த ஒன்றேகால் வருடத்தில் யாராவது வரிசையாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். அறிக்கை வாங்கிவிட்டு அடுத்து என்ன என்று நிற்பவர்களுக்காகவும், இன்னும் சந்தேகத்திலேயே இருக்கும் பெரியவர்களுக்காகவும். நான் மருத்துவர் இல்லை. மருந்து பற்றிய முடிவை உங்கள் மருத்துவரோடு எடுங்கள்.

முதலில் இந்த இழுபறியைப் புரிந்துகொள்ளுங்கள்

என் ஆட்டிசத்துக்கு நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். என் ஏடிஹெச்டிக்கு அதே ஒழுங்கு மூன்றாம் நாள் சலித்துப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து புடவைகளை நிறவாரியாக அடுக்குவேன். புதன்கிழமைக்குள் எல்லாம் கலைந்திருக்கும். கலைந்த அலமாரியைத் திறந்தால் நெஞ்சு அடைக்கும், மூடிவிட்டு நாற்காலியில் கிடக்கும் சுடிதாரையே மறுபடி எடுத்துப் போடுவேன். அடுக்கியவளும் கலைத்தவளும் தவிப்பவளும் ஒரே ஆள். பல வருடம் இதைச் சோம்பேறித்தனம் என்றே நம்பியிருந்தேன்.

இரண்டும் ஒன்றையொன்று மறைக்கவும் செய்யும். படபடவென்று பேசுவதைப் பார்ப்பவர்களுக்கு ஆட்டிசம் தெரியாது. பட்டியல் போட்டு, மூன்று முறை சரிபார்த்து, அரை மணி நேரம் முன்னாடியே போய் நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு ஏடிஹெச்டி தெரியாது. பள்ளியில் என் முன்னேற்ற அட்டையில் 'கெட்டிக்காரி, ஆனால் கவனம் போதாது' என்று வருடா வருடம் எழுதினார்கள். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. எந்த அறிகுறிக்கு என்ன பெயர் எழுதலாம் என்று மருத்துவர்கள் பார்க்கும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, 2013 மே மாதம் ஐந்தாம் பதிப்பு வரும்வரை, ஆட்டிசம் இருப்பவருக்கு ஏடிஹெச்டியும் இருப்பதாக எழுத அனுமதிக்கவில்லை. அந்தக் கையேட்டில் படித்துவிட்டு வந்த மருத்துவர்கள்தான் இன்றும் பல இடங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2019இல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரையில், ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஏடிஹெச்டியும் இருந்தது. அபூர்வமான சேர்க்கை என்று சொல்ல முடியாது.

இதிலிருந்து ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த யோசனை கிடைத்தாலும் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஏடிஹெச்டிக்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் 'புதுசு புதுசாக மாற்று' என்று இருக்கும். ஆட்டிசத்துக்குச் சொல்வது 'அட்டவணை போடு' என்று இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டால் மற்றது முரண்டுபிடிக்கும். மூன்று வாரத்தில் எல்லாம் சரிந்துவிடும், பழியை உங்கள் மேல் போட்டுக்கொள்வீர்கள்.

மருத்துவரிடம் போகும் முன்

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'மறதி அதிகம்' என்று பொதுவாக எழுத வேண்டாம். 'செவ்வாய்: பால் பொங்கியது, நான் அடுப்புக்கு முன்னால்தான் நின்றிருந்தேன்', 'வெள்ளி: மேலே உள்ள வீட்டில் ட்ரில் போட்டார்கள், குளியலறையில் போய் உட்கார்ந்தேன், மதியம் வரை பேச முடியவில்லை' என்று நடந்ததை எழுதுங்கள். மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும். மீதியைச் சிரித்துக்கொண்டே, ஒன்றுமில்லாததுபோலச் சொல்வோம். நம்மில் பலருக்கு அது பழகிப்போன வேஷம். நோட்டு வேஷம் போடாது.

சின்ன வயது விவரமும் வேண்டும். ஏடிஹெச்டி என்று உறுதி செய்ய, சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஆட்டிசமும் சிறு வயதிலேயே தொடங்குவது. பழைய முன்னேற்ற அட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையோ அத்தையையோ கேளுங்கள், ஆனால் 'எனக்கு ஆட்டிசம் இருந்ததா' என்று கேட்காதீர்கள். 'நான் என்ன சாப்பிட அடம்பிடிப்பேன், எதற்கெல்லாம் அழுவேன், பிள்ளைகளோடு எப்படி விளையாடுவேன்' என்று கேளுங்கள். என் அம்மா, "உனக்குப் பாவாடை நாடா இடுப்புல பட்டாலே ஆகாது, திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா வேட்டுச் சத்தத்துக்கு என் முந்தானைக்குள்ளயே இருப்ப" என்றார். அந்த ஒரு வரி என் அறிக்கையில் இருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களை நிரப்பிப் பாருங்கள், தப்பில்லை. ஏடிஹெச்டிக்காக உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஏஎஸ்ஆர்எஸ்ஸில் 18 கேள்விகள். ஆட்டிசத்துக்கான ஏக்யூவில் 50. இவை சல்லடை மாதிரி. மேலே ஆராய வேண்டுமா என்பதைத்தான் சொல்லும். இரண்டையும் நோட்டோடு சேர்த்துக் கொண்டு போங்கள்.

தைராய்டு, ரத்தசோகை, தூக்கக் கோளாறு மூன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். இவையும் கவனத்தைச் சிதறடிக்கும்.

யாரிடம் போவது

மருந்து எழுதக்கூடியவர் மனநல மருத்துவர். விரிவான சோதனைகள் செய்து அறிக்கை தருபவர் பெரும்பாலும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர். அவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். தனியாரில் செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னைப் பக்கம் என்றால் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போகிறவர்களும் உண்டு.

நேரம் வாங்கும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பெரியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்ப்பீர்களா?' நான் இதைக் கேட்காமல் போன முதல் இடத்தில், "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, கல்யாணம் ஆகிடுச்சு, உங்களுக்கு எங்கம்மா ஆட்டிசம்?" என்று 10 நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை. புருவத்துக்கு நடுவில் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏழாம் வகுப்பில் நானே கண்டுபிடித்துப் பழகியது அது. இப்படி ஓர் இடத்தில் சொன்னால் இன்னோர் இடத்துக்குப் போங்கள்.

மருந்து

ஆட்டிசத்தை மாற்றும் மருந்து கிடையாது, தேவையும் இல்லை. ஏடிஹெச்டிக்கு உண்டு. மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும், சாதாரண மாத்திரை நான்கு மணி நேரம்போல நிற்கும். அட்டமாக்ஸெட்டின் தினமும் சாப்பிட வேண்டியது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்பதெல்லாம் மருத்துவர் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

யாரும் சொல்லாமல் நான் அலைந்து தெரிந்துகொண்டது ஒன்று. மெத்தில்ஃபெனிடேட் நம் சட்டத்தில் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ளது. எல்லா மருந்துக் கடையிலும் இருக்காது. கடைக்காரர் சீட்டின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் மருத்துவரிடம் இரண்டு பிரதியாக வாங்குங்கள், எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் அவரிடமே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள், மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போங்கள்.

ஆட்டிசமும் சேர்ந்து இருப்பவர்களுக்குப் பக்கவிளைவு கூடுதலாகத் தெரியலாம், அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். பசி குறைந்துவிடும். பசியே சரியாகத் தெரியாத ஆள் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு அலாரம் வைத்தே ஆக வேண்டும். இன்னொன்று, மருந்து வேலை செய்து மனசு அமைதியானதும் ஆட்டிசம் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கலாம். எனக்கு முதல் வாரத்தில் ட்யூப்லைட்டின் ரீங்காரம் தாங்க முடியாமல் போனது. அதுவரை என் தலைக்குள் இருந்த இரைச்சலில் அது கேட்கவில்லை. மருந்தால் கெட்டுப்போனோம் என்று பயந்து நிறுத்திவிடாமல், நோட்டில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் முதல் வேலை: காது, கண், தோல்

பழக்கங்களை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். செலவு குறைவு, பலன் அன்றைக்கே தெரியும். உறுத்தும் ட்யூப்லைட்டை மாற்றி மஞ்சள் விளக்கு போடுங்கள். சட்டைக் கழுத்தில் உள்ள லேபிளை வெட்டுங்கள். ஒத்துப்போகிற உடை ஒன்று கிடைத்தால் அதிலேயே நான்கு வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான் ஒரு ஜோடி மிக்ஸிக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். எங்கள் வீட்டில் மிக்ஸி போடப்போகிறவர் "மிக்ஸி!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதிச் சண்டை நின்றுபோனது. ஒரே ஓர் எச்சரிக்கை, தெருவில் வண்டி ஓட்டும்போது காதடைப்பான் வேண்டாம்.

தேவை எதிர்ப்பக்கமாகவும் இருக்கும். சில நேரம் சத்தம் வேண்டும், ஆட வேண்டும், கையில் ஏதாவது உருட்ட வேண்டும். அமைதியான அறையில்தான் வேலை ஓடும் என்று நினைத்து ஒரு அறையையே ஒழித்துத் தந்தார் என் கணவர். அங்கே ஒரு வரி எழுத முடியவில்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஊஞ்சலில் உட்கார்ந்தால் ஓடுகிறது. தெரிந்த பாட்டு என்பதால் ஆட்டிசத்துக்கு உறுத்தாது. அசைவு இருப்பதால் ஏடிஹெச்டிக்குத் தீனி.

மாறாத சட்டம், மாறும் படம்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். சுவரில் மாட்டிய படத்தின் சட்டம் அங்கேயே இருக்கும், உள்ளே படத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நாளின் ஏற்பாடும் அப்படி இருந்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது.

காலைச் சாப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை என்று அட்டவணை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். மூன்றாவது செவ்வாய் தோசைக்கல்லைப் பார்த்ததும் சமையலறையை விட்டே வெளியே வந்துவிட்டேன். சரி, அட்டவணையே வேண்டாம், அன்றன்றைக்குத் தோன்றியதைச் செய்யலாம் என்று விட்டேன். அடுப்பு முன்னால் 11 மணி வரை முடிவெடுக்க முடியாமல் நின்று, கடைசியில் பிஸ்கட் சாப்பிட்டேன்.

இப்போது இருப்பது இது. ஞாயிறும் வியாழனும் மாவு அரைப்பது மாறாது. சாப்பாடு 7.30, அதுவும் மாறாது. அந்த மாவில் என்ன, தொட்டுக்கொள்ள என்ன என்பதை அடுப்பு மேடையில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணம் முடிவு செய்யும். அதில் 12 சீட்டுகள். ஊத்தப்பமும் பூண்டுப் பொடியும், இட்லியும் தக்காளிச் சட்னியும், பணியாரம் என்று. எல்லாமே என் வாய்க்கு ஒத்துப்போகிறவை, கொழகொழப்பானது எதுவும் இல்லை. கண்ணை மூடி ஒன்றை எடுப்பேன். பிடிக்காவிட்டால் ஒரு தடவை திருப்பிப் போட்டு வேறு எடுக்கலாம், இரண்டாவது தடவை கிடையாது. எடுத்த சீட்டு ஜன்னல் ஓரத்து டம்ளருக்குப் போகும், 12ம் தீர்ந்த பிறகே கிண்ணத்துக்குத் திரும்பும். இரண்டு வருடமாக ஓடுகிறது. இதற்கு முன் நான் செய்த எந்த ஏற்பாடும் இரண்டு மாதம் தாண்டியதில்லை.

இதே கணக்கை மற்றதற்கும் போடலாம். அலாரம் அடிக்கும் நேரம் மாறக்கூடாது, ஆனால் ஒரே ஓசை இரண்டு வாரத்தில் காதில் விழாமலே போய்விடும், அதனால் ஓசையை மாற்றுங்கள். நடைப்பயிற்சி 6 மணிக்கு, தெரு மட்டும் வேறு வேறு. பொருள்களுக்கு இடம் நிரந்தரம், ஆனால் பெட்டி கண்ணாடிபோல உள்ளே தெரிகிறதாக, மூடி இல்லாததாக இருக்கட்டும். கண்ணில் படாத பொருள் நமக்கு இல்லாத பொருள். நான் துணி அலமாரியின் கதவையே கழற்றி மொட்டை மாடியில் வைத்துவிட்டேன்.

தொடங்க முடியாமல் உட்கார்ந்திருக்கும்போது

செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யவும் ஆசை, உடம்பு எழாது. திட்டினால் எழாது, நம்மை நாமே திட்டிக்கொண்டாலும் எழாது. எனக்கு மருந்துக்கு அடுத்தபடியாகக் கைகொடுத்தது பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது. அவர் உதவ வேண்டியதில்லை, பேசவும் வேண்டாம். திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து பூக்கட்டியதும் அப்பளம் இட்டதும் நம் வீடுகளில் இருந்ததுதானே. சனிக்கிழமை 10 மணிக்கு நானும் ஒரு தோழியும் வாட்ஸ்அப்பில் வீடியோவைப் போட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, அவரவர் வேலையைப் பார்ப்போம். நான் ஜிஎஸ்டி பில்களை அடுக்குவேன், அவர் துணி மடிப்பார். ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இல்லாவிட்டால் வேலையை வெட்கப்படாமல் சின்னதாக்குங்கள். 'பாத்திரம் தேய்க்க வேண்டும்' என்பதை 'குழாயைத் திற' என்று. திறந்துவிட்டு வந்துவிட்டாலும் சரி.

பணத்தில் இரண்டே ஏற்பாடு. மின்கட்டணம் முதல் தவணை வரை எல்லாம் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிவையுங்கள். புது ஆர்வம் பிடித்து எதையாவது வாங்கத் தோன்றினால் பெயரையும் தேதியையும் ஒரு பக்கத்தில் எழுதி 15 நாள் காத்திருங்கள்.

வேலையிடமும் சான்றிதழும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உள்ளன. ஆட்டிசம் அதில் உண்டு. ஏடிஹெச்டி தனியாக இல்லை. அரசு வேலை ஒதுக்கீடு போன்றவற்றுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆட்டிசத்தை அளக்கும் ஐசா என்ற அளவுகோலில் 40 கூறுகள், வேலைக்குப் போய்க்கொண்டு, வேஷமும் போட்டுப் பழகிய பெரியவர்களுக்கு அதில் 40 சதவீதம் எட்டுவது எளிதில்லை. அது கிடைக்காததால் உங்கள் கஷ்டம் பொய்யாகிவிடாது. விண்ணப்பம் ஸ்வாவலம்பன் இணையதளத்தில், தனித்துவ அடையாள அட்டையும் அதன் வழியே.

அலுவலகத்தில் நோயின் பெயரைச் சொல்லாமலே கேட்கக்கூடியவை நிறைய. சொன்ன வேலையை மின்னஞ்சலில் ஒருமுறை எழுதித் தரச் சொல்வது, கூட்டத்துக்கு முன்பே என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்பது, நடைபாதையில் இல்லாமல் சுவரோர இடம் கேட்பது. பெயரைச் சொல்வதா என்பதை மேலாளரின் குணம் பார்த்து முடிவு செய்யுங்கள். அவசரம் வேண்டாம்.

நிரம்பி வழியும்போது

சிலர் வெடிப்பார்கள், சிலர் அணைந்துபோவார்கள். நான் அணைந்துபோகிற ஆள், வார்த்தை வராது. அந்த நேரம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. விளக்கைக் குறைத்து, தண்ணீர் வைத்துவிட்டு விலகினால் போதும். 'இப்போது பேச முடியவில்லை, கோபம் இல்லை, அரை மணி நேரம் விடுங்கள்' என்று கைபேசியில் எழுதி வைத்திருக்கிறேன், திரையைக் காட்டுவேன். அன்றைய தினம் ராஜினாமா, சண்டை, பெரிய முடிவு எதுவும் வேண்டாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு இது கூடும், அந்த வாரம் விருந்தாளிகளை அழைப்பதில்லை.

மாதக்கணக்கில் வேஷம் போட்டு ஓடினால் வேறொன்று வரும். தெரிந்த வேலைகளே மறக்கும், குளிப்பது மலையாகும், நேற்றுவரை பொறுத்த சத்தத்தை இன்று பொறுக்க முடியாது. மனச்சோர்வுபோலவே இருப்பதால் 'வெளியே போ, நாலு பேரோடு பழகு' என்பார்கள். இந்தக் களைப்புக்கு அது எரிகிற கொள்ளியை ஏறத் தள்ளுவதுபோல. வேலையையும் ஆட்களையும் குறைத்து, பிடித்த ஒன்றில் மூழ்கிக் கிடப்பதுதான் என்னை மீட்டது, ஐந்து மாதம் ஆனது. மனச்சோர்வும் கூடவே இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். நம்மைப் போன்றவர்களுக்குத் தற்கொலை எண்ணம் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. வந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், தமிழிலும் பேசுவார்கள்.

கல்யாண வீடும் அம்மாவும்

கல்யாணத்துக்குப் போகாமலே இருந்துவிட முடியாது. மண்டபத்தில் ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாம்பூலப் பை கொடுக்கும் மேஜை நல்ல இடம். எல்லாரிடமும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், கைக்கு வேலை இருக்கும், மேளமும் வீடியோ விளக்கும் தூரத்தில் இருக்கும். முதல் பந்தியில் ஓரத்து இலையில் உட்காருங்கள். கிளம்பும் நேரத்தை வரும்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டாரிடம் பெயரை முதலில் சொல்ல வேண்டாம் என்பது என் அனுபவம். "ஆட்டிசம்" என்றதும் அம்மா அழுதார், யார் கண் பட்டது என்றார். நான் அதைப் பிறகு வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் கேட்டேன்: "அம்மா, வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடு. எத்தனை மணிக்கு வருவ, எவ்வளவு நேரம் இருப்பன்னு சொல்லிடு." மூன்று முறை மறந்தார். நான்காவது முறை போன் வந்தது. "நாளைக்கு 11 மணிக்கு வரேன், வெயில் தாழ கிளம்பிடுவேன், முருங்கைக்காய் கொண்டு வரேன், போதுமா?" என்றார். போதும் என்றேன்.